கழற்ற வேண்டியதும் கழற்றக் கூடாததும்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை ஏழரை மணிக்கு ஹெட் சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் கூட யாரும் என்னை அப்படி இழுத்ததில்லை.

"கல்யாணம் ஆயி எத்தினி மாசம்?"

"நாலு மாசங்க சிஸ்டர்."

"அதான் இவ்ளோ வளையல். எல்லாத்தையும் கழட்டு. முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. மோதிரம் கூடாது, பூ கூடாது. கொண்டைய வலைக்குள்ள போடு. முந்தானைய இழுத்துப் பின்னு குத்து. இஷ்டம்னா இரு, இல்லன்னா வூட்டுக்குப் போ."

கள்ளக்குறிச்சியில் இருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோம் அது. இருபது படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், ஒரு டாக்டர். இப்போது அந்தக் கட்டடத்தில் ஜவுளி விற்கிறார்கள். நான் திருக்கோவிலூரில் பிறந்து கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். அந்தத் தியேட்டர் வாசலில் இருபத்தெட்டு வருடம் நின்றேன். என் வேலையில் பாதி ஊசி போடுவது. மீதிப் பாதி, உள்ளே போகிறவர்களின் உடம்பிலிருந்து நகையையும் கயிற்றையும் கழற்றுவது. இதை எந்த நர்சிங் புத்தகத்திலும் இரண்டு வரிக்கு மேல் எழுதியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் கழற்றினேன். ஹெட் சிஸ்டர் என் வளையல்களை ஒரு கிட்னி டிரேயில் போட்டு, வெந்நீர் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்தார். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அதில் மஞ்சளும் மாவும் அழுக்கும் மிதந்தன.

"இந்தத் தண்ணிய பொறந்த புள்ளயோட தொப்புள்ல ஊத்துவியா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "மொட்டக் கையோட உள்ள வராத. எம்புள்ள நல்லா இருக்கணும்." அன்றிலிருந்து வளையல்களை மஞ்சள் பையில் வைத்திருந்து, தெருமுனைப் பெட்டிக்கடை ஓரம் நின்று மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். காலையில் அதே இடத்தில் கழற்றுவேன். கடைக்காரர் கொஞ்ச நாளில் நான் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டார்.

இந்த ஒரு விதியை நான் எந்த நாளும் மீறியதில்லை. இப்போது வேலைக்கு வரும் பெண்கள் அரை அங்குல நகம் வளர்த்து, அதில் பூ வரைந்து, அதன் மேல் கையுறை மாட்டுகிறார்கள். சொன்னால் "அதெல்லாம் அப்ப மேடம்" என்கிறார்கள். கிருமிக்கு அப்போது இப்போது என்ற வித்தியாசம் கிடையாது. என்னைக் கிழவி என்று திட்டினாலும் பரவாயில்லை, நகத்தை வெட்டிவிட்டு உள்ளே போங்கள்.

2. அரைஞாண்

குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு விவசாயி வந்தார். அறுபது வயது, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. இடுப்பில் கனமான வெள்ளி அரைஞாண். தியேட்டரில் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்க காட்டரி என்று ஒரு மின்சாரக் கருவி வைத்திருப்போம். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் வெந்துபோகும் ஆபத்து உண்டு.

"கழட்டுங்க பெரியவரே" என்றேன்.

"பொணத்துக்குத்தாம்மா அரைஞாண் அறுப்பாங்க. நான் இன்னா பொணமா?"

மனிதர் கட்டிலை விட்டு இறங்கி வேட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஹெட் சிஸ்டர் வந்தார். ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து வந்து அவர் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகு, "இப்ப அந்த வெள்ளிய எடுக்கலாமா?" என்றார். பெரியவர் யோசித்துவிட்டு, "இப்ப எடும்மா, இன்னா இப்ப" என்று படுத்துக்கொண்டார்.

அவர் காட்டிய பாடம் இதுதான்: கேட்பதற்கு முன்னால் மாற்றைக் கட்டு, கட்டிய பிறகு கழற்று. ஜனங்கள் பயப்படுவது பெரும்பாலும் வெறுமைக்குத்தான். ஒரு நூல் இருந்தால் போதும், சமாதானம் ஆகிவிடுவார்கள். பார்த்தேன், புரிந்தது, தலையையும் ஆட்டினேன். ஆனாலும் அடுத்த வருடமே அதைக் கோட்டைவிட்டேன்.

3. பார்வதியின் தாலி

ஹெட் சிஸ்டர் லீவில் இருந்தார். கழுத்துக் கழலை ஆபரேஷனுக்கு பார்வதி என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மற்ற ஆபரேஷன் என்றால் தாலியைச் சுருட்டித் தோளோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவோம். கழுத்தையே அறுக்கும்போது அது முடியாது. டாக்டர் உள்ளேயிருந்து அவசரப்படுத்தினார். நான் தாலியைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து, வெளியே நின்ற அவள் புருஷனிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்காவது நாள் பார்வதியின் புருஷன் சைக்கிளில் வரும்போது லாரியில் அடிபட்டு இறந்துபோனார். தாலி அப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து துணிகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

பார்வதியின் மாமியார் வார்டுக்குள் வந்து என்னைத் தேடிப் பிடித்தார். அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. என் வலது கையைத் தூக்கிப் பிடித்து, படுத்திருந்த எல்லோருக்கும் காட்டினார்.

"இந்தக் கைதான் கழட்டுச்சு. நல்லா பாத்துக்குங்க."

"லாரி மோதுனதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? வேலையப் பாரும்மா" என்றார் டாக்டர். அவருக்குச் சொல்வது சுலபம். அதன் பிறகு பல மாதம், நான் டிரேயோடு போனால் பெண்கள் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டார்கள். "வேற சிஸ்டர் வரட்டும்" என்றார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். நான் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவேன். இதில் அசிங்கமான விஷயம், எனக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. லாரிதான் கொன்றது என்று புத்தி சொன்னது, கை இன்னொரு தாலியைத் தொட மறுத்தது.

அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சுமங்கலியின் உடம்பிலிருந்து எதை எடுப்பதாக இருந்தாலும் அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் தொட மாட்டேன். அவர்கள் சரி என்றால் கேஸ் ஷீட்டில் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள்வேன். எல்லோரும் மெச்சினார்கள். நானும் அதைப் பொறுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. செல்வியின் வலது கை

நாலைந்து வருடம் கழித்து ஒரு மத்தியானம். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. பத்தொன்பது வயதுப் பெண்ணை இறக்கினார்கள். பெயர் செல்வி. ஏழு மாதக் கர்ப்பம். வளைகாப்பு முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. களமருதூரில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்தவள், விறகு அடுக்கிலிருந்து ஒரு கட்டை உருவியிருக்கிறாள். கட்டைக்குப் பின்னால் விரியன். வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் தடம்.

டாக்டர் பார்த்தார். டிரிப் ஏற்றி விஷமுறிவு மருந்தை ஆரம்பிக்கச் சொன்னார். முழங்கைக்கு மேல் அவர்கள் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவரே தளர்த்தினார். தியேட்டரில் சிசேரியன் ஒன்று காத்திருந்தது, அதற்குப் பின்னால் இன்னொரு கேஸ்.

"சிஸ்டர், கையில இருக்கறத எல்லாம் எடுத்துடுங்க. கை இன்னும் வீங்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போது மணி இரண்டு இருக்கும்.

அந்தக் கையில் இருபத்தொரு கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும். அவற்றுக்கு முன்னால், விரல் பக்கமாக ஒரு வெள்ளிக் காப்பு. மணிக்கட்டு வரை ஏற்கெனவே வீங்கியிருந்தது. நான் சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன். எண்ணெய் போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் பையைக் கைக்குள் நுழைத்து அதன் மேல் வழுக்க வைத்தும் பார்த்தேன். காப்பு அசையவே இல்லை. அதைத் தாண்டாமல் பின்னால் இருப்பது எதுவும் வராது. உடைத்தால்தான் உண்டு.

நான் ஃபோர்செப்ஸ் இடுக்கியைக் கையில் எடுத்ததும் செல்வியின் அம்மா நடுவில் வந்துவிட்டார். கூலி வேலை செய்து கறுத்து மெலிந்த பெண்மணி. மகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஒடைக்காதீங்க சிஸ்டர். எம்மருமவன் பெங்களூர்ல சாரத்து மேல நின்னு கட்டட வேல செஞ்சிகினு கீறான். அவன் உசுரோட இருக்கறப்ப நாமளே ஒடைக்கறதா? புருஷன் செத்தாதான் வளையல ஒடைப்பாங்க."

"கை போயிடும்மா."

"சம்பந்தி வரட்டும். அவங்க வூட்டுப் பொண்ணு. அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும். நான் வாணாம்னு சொல்லல."

சாரத்தின் மேல் நிற்கும் ஒரு மனிதன். அதைக் கேட்டதும் எனக்குச் சட்டைப் பையில் காகிதத்தோடு கிடந்த தாலி ஞாபகம் வந்தது. ஃபோர்செப்ஸை டிரேயில் வைத்தேன். களமருதூருக்கு ஆள் அனுப்பினார்கள்.

நான் ஒன்றும் அறியாதவள் இல்லை. வளையலுக்குக் கீழே சதை பிதுங்கி வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விரல் நுனியை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கால் மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நேரம் கூடியது. என் மனம் நல்ல நல்ல காரணமாக எடுத்துக் கொடுத்தது. விரியன் கடித்த ரத்தம் உறையாது, கண்ணாடி குத்தினால் நிற்காமல் ஓடும் என்றது. மருந்து வேலை செய்தால் வீக்கம் தானாக வடியும் என்றது. டாக்டர் இதோ வந்துவிடுவார் என்றது. தியேட்டர் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நான் தட்டவில்லை. தட்டினால் அவர் உடைக்கச் சொல்வார், உடைக்கும் கை என்னுடையதாக இருக்கும். அந்தப் பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு இதை யாரிடமும் சொல்லவில்லை.

செல்வி முழு நினைவோடு படுத்திருந்தாள். முனகினாள், தண்ணீர் கேட்டாள், வயிற்றில் குழந்தை அசைகிறதா என்று இடது கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். நான் அவள் அம்மாவோடு பேசினேன், ஜீப் டிரைவரோடு பேசினேன், வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன்.

மாமியார் வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம், மூச்சு இரைத்தது. கையைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டார். உடைக்கச் சம்மதம் என்று சொல்லவில்லை.

"நான் எப்பிடிம்மா சொல்லுவேன்? பெத்தவ நானே எம்புள்ளைக்கு அப்பிடி சொல்லலாமா? அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

அவனை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரியின் போன் நம்பர் யாரிடமும் இல்லை. இரண்டு தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கேஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தரைக்கு டாக்டர் வெளியே வந்தார். கையைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. காஸ் துணியை மடித்து ஒவ்வொரு வளையலுக்கும் அடியில் நுழைத்து, ஃபோர்செப்ஸால் அழுத்தி அவரே உடைத்தார். ஒரு கீறல் கூட விழவில்லை. காப்பை வெட்ட பத்தர் கடையிலிருந்து கத்திரி வந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. தரையில் பச்சையும் சிவப்பும் சிதறியதைப் பார்த்து அம்மாக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். செல்வியின் விரல்கள் சில்லென்று கறுத்து இருந்தன.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ஐந்தாம் நாள் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பாதி விஷம் செய்த வேலை, பாதி காப்பு செய்த வேலை, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். இரண்டு மணிக்கே உடைத்திருந்தால் கை தங்கியிருக்குமா என்று நான் கேட்டேன். அவர் கை கழுவப் போனார்.

பெங்களூரிலிருந்து புருஷன் வந்தான். மெலிந்த பையன், சிமெண்ட் ஒட்டிய கால்கள். செல்வியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியது தெரியாமல் முதலில் எங்களிடம்தான் வந்தான். கை போனதும், வளையலை உடைக்காமல் வைத்திருந்ததும் யாரோ சொல்லி அவன் காதில் விழுந்திருந்தது. என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"ரெண்டு கையும் இருக்கறவளத்தானங்க உட்டுட்டுப் போனேன். எனக்காகவா வச்சிகினு இருந்தீங்க?"

நான் அவனை உட்காரச் சொன்னேன். அவன் உட்காராமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

5. செல்வி திரும்பி வந்தது

ஒன்றரை வருடம் இருக்கும். காய்ச்சல் கண்ட குழந்தையோடு செல்வி வந்தாள். எட்டாம் மாதமே பிறந்த பெண் குழந்தையாம், பிழைத்துக்கொண்டது. பாதியோடு நின்ற கையால் குழந்தையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் சீட்டை நீட்டினாள். இடது கையில் நான்கு கண்ணாடி வளையல். அவளே மாட்டிக்கொள்ள முடியாது, யாரோ மாட்டிவிட்டிருக்க வேண்டும்.

அவளுக்கு என்னைத் தெரிந்தது. நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழந்தைக்கு டெம்பரேச்சர் பார்த்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"மாமியார் நல்லா வச்சிருக்காங்களா?"

"இடது கையால சோறு போடறேன்னு மொதல்ல சாப்புடலங்க. அப்பறம் பசிக்குதுல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே, இத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். உன் அம்மா தடுத்தார்கள், உன் மாமியார் சம்மதிக்கவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போய் மறுபடியும் அவர்கள் மேல்தான் பழியைப் போட்டேன்.

செல்வி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

"அவங்களக் கேட்டீங்க சிஸ்டர். ஜீப்புக்காரரக் கூட கேட்டீங்க. நான் உங்க மொகத்தையே பாத்துகினு இருந்தேன், ஒடச்சிடவான்னு என்னைய ஒரு வார்த்த கேப்பீங்கன்னு."

"கேட்டிருந்தா?"

"ஒடைங்கன்னு சொல்லியிருப்பேன். வலிக்கறது எனக்குத்தான."

"நீயே சொல்லியிருக்கலாமே" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எவ்வளவு கேவலமாகப் பேசிவிட்டேன் என்று உறைத்தது.

"பெரியவங்க எல்லாரும் பேசிகினு இருந்தீங்க" என்றாள். டாக்டர் கூப்பிட்டார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இதைப் படிக்கிற பெண்களே, எந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம், எதை மீறலாம் என்று உங்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்க எனக்குத் தெரியாது. உங்கள் கையில் வளையல் வேண்டாம், நகம் வேண்டாம், அதில் பேச்சே இல்லை. அடுத்தவர் உடம்பில் இருப்பதைக் கழற்றும்போது மாற்றாக ஒரு நூலைக் கட்டிவிட முடிந்தால் கட்டிவிடுங்கள், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குக் கூட நேரமில்லாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு வாசலில் நிற்பவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செல்வி வந்துவிட்டுப் போன பிறகு இன்னும் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல், எதுவானாலும் கட்டிலருகில் குனிந்து, படுத்திருப்பவளின் காதோரம் முதலில் கேட்டேன். "எடுத்துடவாம்மா?"

அத்தனை வருடத்தில் வேண்டாம் என்று சொன்னவர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான். மற்ற எல்லோரும் நான் கேட்டு முடிப்பதற்குள் கையை நீட்டினார்கள்.